கல்செடி சுருங்கினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்

திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டும் கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும்போது ஈரமும் வெளியே போய்விடும். கற்றாழை அதை இரவில் செய்கிறது. குளிர்ந்த நேரத்தில் கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு வெயிலில் அதை உணவாக்கிக்கொள்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுச் செடி இன்னும் கெட்டிக்காரச் செடி, ஈரம் இருக்கும்போது பகல் முறை, காய ஆரம்பித்தால் இரவு முறை என்று மாற்றிக்கொள்ளும்.

ஆனால் எனக்கு உயிர் லித்தாப்ஸ் என்ற கல்செடிதான். 1811இல் பர்ச்செல் என்ற இங்கிலாந்துக்காரர் இந்நாட்டின் பிரீஸ்கா ஊர்ப் பக்கம் கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்தது இந்தச் செடியைத்தான். இரண்டே இலைகள், பாதிக்கு மேல் மண்ணுக்குள். மேல்பக்கம் ஜன்னல் மாதிரி ஒளி புகும், அந்த வெளிச்சம் உள்ளே இறங்கி அடியில் உள்ள பச்சையத்துக்குப் போகும். இலையுதிர்காலத்தில் பூத்து முடித்ததும் நடுவில் புது ஜோடி கிளம்பி, பழைய ஜோடியில் இருக்கிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சி வளரும், பழசு சுருங்கிக் காகிதமாகிவிடும். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம், அப்போது அந்தச் சுருக்கத்தைப் பார்த்து எங்கள் பெரியம்மா "ஐயோ, வாடுதே" என்று சொம்போடு வந்துவிடுவார். வேண்டவே வேண்டாம் பெரியம்மா! அப்போது ஊற்றினால் பழைய இலை காயாமல் நிற்கும், இல்லையென்றால் செடியே அழுகும்.

நாட்டின் வடமேற்கில் வறண்ட நமக்வாலாந்தில் வளரும் கோனோஃபைட்டம் என்ற குட்டிச் செடி வேறு ரகம். அங்கே குளிர்காலத்தில்தான் மழை, கோடை முழுக்க அது காய்ந்த உறைக்குள் தூங்கும். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் மழை கொட்டுவதோ கோடையில். அதனால் டிசம்பரில் கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இந்தச் செடிகளை இப்போது காட்டிலிருந்து கொத்துக்கொத்தாகப் பிடுங்கி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள், 2019க்குப் பிறகு பிடிபட்டவையே லட்சக்கணக்கில். ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வளரும் இனங்களும் அதில் உண்டு, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து விதையிலிருந்து வளர்த்த செடியையே வாங்குங்கள். காட்டில் பிடுங்கியது பெரும்பாலும் வடுவும் கோணலுமாக, தடித்த வேரோடு இருக்கும், சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

இந்தச் செடிகளின் விதைக்கூடு கிடைத்தால் இன்னும் நல்லது. காய்ந்திருக்கும்போது மூடியே இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நிமிடங்களில் பூப்போல விரியும், காட்டில் மழைத்துளி விழுந்து விதைகளைத் தெறிக்கவிடுவது அப்படித்தான். மார்ச், ஏப்ரலில் மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவுங்கள், மூட வேண்டாம்.