பாலைப்பூ வாசம்

அக்டோபர் 22
அப்பாவுக்கு கால் சுளுக்கு, அதனால விடியக்காலம் நாலு மணிக்கு நான்தான் ரப்பர் பால் வெட்டப் போனேன். நெத்தியில ஹெட்லைட், கையில கத்தி, வெட்டுன கோட்டுல பால் இறங்கி செரட்டையில சொட்டுற சத்தம் தவிர ஒண்ணுமில்ல, அப்பதான் திடீர்னு பாலைப்பூ வாசம். எங்க தோட்டத்துல ஏழிலைப்பாலையே கிடையாது. லைட்டைத் திருப்புனா ஓடைக்கரையில ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும், மழையே இல்ல ஆனா முடி நனைஞ்சு கிடக்கு. "சுண்ணாம்பு இருக்கா?"ன்னு கேட்டா. இல்லன்னேன். "செரி, இன்னொரு நாள் கொண்டுவா"ன்னா. அந்தக் குரல் இன்னும் காதுலயே நிக்குது.

அக்டோபர் 23
அம்மாச்சிகிட்ட சொன்னதும் அவளுக்கு முகமே மாறிட்டு. "மக்களே அது இசக்கி, சுண்ணாம்ப கையால குடுத்தா ஆளக் கொண்டு போயிரும், கத்தி முனையில வச்சு நீட்டணும், இரும்புன்னா பயப்படும்"னு சொல்லிட்டு கள்ளியங்காட்டு நீலி கதைய ஆரம்பிச்சா. வில்லுப்பாட்டுல எத்தனையோ தடவ கேட்டதுதான். நம்பிக் கூட வந்தவள ஒருத்தன் மடியில தூங்க வச்சு, நகைக்காக கொன்னுட்டான், கள்ளிச்செடி மட்டும்தான் சாட்சி. மறுபிறவியில அந்தக் கள்ளிக் கொப்பையே பிள்ளையாக்கி இடுப்புல வச்சுகிட்டு அவனத் தேடி வந்தா. முப்பந்தல் இசக்கி கோயில்ல இன்னைக்கும் வண்டிய நிறுத்தி அவளக் கும்பிட்டுட்டுதான் போறாங்க.

எல்லாரும் அவளுக்குத்தான் பயப்படுறோம். தூங்குனவளக் கொன்னவனுக்கு இல்லியா பயப்படணும்? ராத்திரி பூரா இதே நெனப்பு.

அக்டோபர் 29
அஞ்சு நாளா விடியக்காலம் ஓடைக்கரையில அந்தப் பொண்ணுகூட பேச்சு. இன்னைக்கு சாயங்காலம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வரச்சொன்னா. ஆத்துக்கு மேல தொட்டியில தண்ணி கொண்டு போக 1966ல கட்டுன பாலம், 115 அடி உயரம், சின்ன வயசுல இருந்து நடக்கேன், கீழ பறளியாற எட்டிப்பாத்தா இப்பவும் வயித்தக் கலக்கும். அவ கைப்பிடிச் சுவர்ல ஏறி உக்காந்துட்டா. தொட்டித் தண்ணியில என் உருவம் தெரியுது, அவளோடது இல்ல. நீ யாருன்னு கேட்டேன்.

"நீ மரத்தக் கொஞ்சமா கீறி தினம் பால் எடுக்கல்லா, எனக்கு அப்படி கொஞ்சத்தோட நிறுத்தத் தெரியாது, என்ன நம்பாத"ன்னா. சொல்லும்போது என்னப் பாக்கல. ஓடிரணும்னு தோணிச்சு, ஆனா அவ கையப் பிடிச்சேன், விடியக்காலத்து செரட்டைப் பால் மாதிரி சில்லுனு இருந்துச்சு.

நவம்பர் 2
மூணு நாளா மழை, வெட்டு இல்ல. அம்மாச்சியோட வெத்தலப் பெட்டியில இருந்து சுண்ணாம்பு எடுத்து வச்சிருக்கேன்.

நவம்பர் 4
மழை விட்டுட்டு. அவ வந்து நின்னதும் கத்திய மரத்துல குத்திட்டு, சுண்ணாம்ப விரல் நுனியில எடுத்து நீட்டுனேன். கை நடுங்குச்சு, மறைக்கல. விரலயே ரொம்ப நேரம் பாத்துகிட்டு நின்னா, மூச்சு வேகமா வருது, பாலைப்பூ வாசத்துல தல சுத்துது. கடைசியில வெத்தலக் காம்பால, என் தோல்ல படாம, பைய வழிச்சு எடுத்தா.

"நாளைக்குக் கத்தியில வச்சுக் குடு"ன்னா, கண்ணு நெறஞ்சிருந்துச்சு. "இன்னைக்கு எப்படியோ நிறுத்திட்டேன்."

கத்தி இன்னும் அந்த மரத்துலதான் நிக்குது.