அக்காவின் ஈரலும் அப்பாவின் வாரிசுச் சான்றிதழும்

ஈரல் மாற்று ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். பார்க்கிறவர்கள் எல்லாம் அதைப் பற்றியே கேட்கிறார்கள், எனக்குத் தெரிந்ததோ மயக்க ஊசியும், ஐசியூவில் தொண்டை வறண்டு விழித்ததும்தான். என்னை அலைக்கழித்தது காகிதம்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் ஈரலுக்காக அரசுப் பட்டியலில் பதிந்திருந்தேன். எனக்கு ஓ குரூப், ஓ ஈரல் மட்டும்தான் சேரும். வயிற்றில் நீர் கோத்து அடிக்கடி எடுக்கிற நிலையில் எத்தனை நாள் காத்திருப்பது? "எனக்கும் ஓ தானேடா" என்று அக்கா வந்து நின்றாள்.

கூடப்பிறந்தவர் சட்டப்படி நெருங்கிய உறவு. சரி, கூடப்பிறந்தவள் என்று காட்ட வேண்டுமே! அக்காவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆதாரில் மாமா பெயர். அவள் பள்ளி டிசியில் அப்பா பெயருக்குக் கடைசி 'ன்' இல்லை, என்னுடையதில் இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் "இது வேற ஆளு சார்" என்றார். மஞ்சள் பூத்த கண்ணோடு இரண்டு தடவை ஊருக்கு பஸ் ஏறினேன். கடைசியில் அம்மா டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்ததில் கிடைத்தது, அப்பா இறந்தபோது தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ். அம்மா, அக்கா, நான், மூவரும் ஒரே தாளில், உறவுமுறையோடு. அதே ஆள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே!"

அந்த அலைச்சலுக்குள் அக்கா தினமும் நடந்து ஈரல் கொழுப்பைக் குறைத்துவிட்டாள். வலப்பக்க மடலைத்தான் எடுத்தார்கள், ஈரலில் பாதிக்கு மேல். மிச்சம் சில மாதங்களில் வளர்ந்துவிடுகிறது.

அப்புறம் டாக்ரோலிமஸ், வந்த ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், ஆயுசுக்கும். இதன் அளவு பார்க்கும் ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். நான் நல்ல பிள்ளையாக விழுங்கிவிட்டுப் போனேன், ரிசல்ட் எக்கச்சக்கமாக வந்து வீடே கலங்கியது, மறுநாள் திரும்ப நூறு கிலோமீட்டர். இப்போதெல்லாம் மாத்திரை சட்டைப்பையில், ஊசி குத்திய பிறகுதான் வாயில். மருந்துக் கடையில் "இதுவும் அதேதான்" என்று வேறு கம்பெனி மாத்திரை நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டர் எழுதும் ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், சிலது இதன் அளவை ஏற்றிவிடும்.

பம்பளிமாஸும் கூடாது. அக்கா வீட்டுக் கொல்லையில் மரமே நிற்கிறது. என் எதிரில் உட்கார்ந்து, சுளை சுளையாக உரித்துத் தின்கிறாள்.