1971 எம்ஜிபி சீட்டுக்கு ரெக்ஸின் மாத்துன கதை

இங்கிலாந்து வந்து ஆசைப்பட்டு வாங்குன வண்டி, 1971 எம்ஜிபி ஜிடி, எம்ஜி கம்பெனியோட பழைய ஸ்போர்ட்ஸ் கார், ஆபிங்டன் ஃபேக்டரில செஞ்சது. இன்ஜின் ஜம்முனு ஓடுது, ஆனா டிரைவர் சீட்ல உக்காந்தா குழிக்குள்ள இறங்குன மாதிரி, ஸ்டியரிங் வளையத்துக்குள்ள தான் ரோடே தெரியும். போதாக்குறைக்கு வீட்டம்மா எறங்கும்போதெல்லாம் சுடிதார் பூரா மஞ்சத் தூள். பழைய ஃபோம் மக்கி உதிர்றது அது.

மேல கிழிஞ்சிருக்கு, ரெக்ஸின் கவர் மாத்துனா போதும்னு நெனச்சேன். (ரெக்ஸின்ங்கறது மான்செஸ்டர் பக்கத்துல ஹைடுங்கற ஊர்ல இருந்த கம்பெனியோட பிராண்ட் பேரு, நம்மூர்ல குஷன் கடை வரைக்கும் நெலச்சுடுச்சு, இங்க கடைல கேட்டா முழிக்கறாங்க, வினைல்னு சொல்லணும்.)

சீட்ட கழட்டவே ஒரு சனிக்கிழமை போச்சு. நாலே போல்ட்டு தான், முன்னாடி ரெண்டுக்கு சீட்ட பின்னால தள்ளணும், பின்னாடி ரெண்டுக்கு முன்னால தள்ளணும், ஆனா சீட்டு நகர்ற ரெயில் துருப்பிடிச்சு நகரவே மாட்டேங்குது, முந்தின நாளே துரு ஸ்ப்ரே அடிச்சு வெச்சிருக்கணும். ரெயிலுக்கு அடில மரக்கட்டை பட்டை வேற வெச்சிருக்கான், ஈரத்துல ஊறி பஞ்சாப் போயிருந்துச்சு.

கவர பிரிச்சப்புறம் தான் விஷயமே புரிஞ்சுது. இந்த சீட்டுக்கு அடில ஸ்ப்ரிங் கிடையாது, ஃப்ரேம்ல கொக்கி போட்டு இழுத்து மாட்டுன ஒரு ரப்பர் ஷீட் தான் ஆளையே தாங்குது. நம்மளுது அப்பளமா நொறுங்கி தொங்குச்சு. அது மேல புது கவர் போட்டிருந்தா அதே குழில புது ரெக்ஸினோட உக்காந்திருப்பேன். மறுபடி ஆர்டர்: ரப்பர், ஃபோம், கவர ஃப்ரேமோட சேத்துப் பிடிக்கற ஹாக் ரிங்ங்கற கம்பி வளையம், அத நெரிக்கற பிளையர்.

ஃப்ரேம தேச்சு பெயிண்ட் அடிச்சு, ரப்பர் மாட்டி, ஃபோம் வெச்சு, கவர இழுத்தா பாதில நின்னுடுச்சு, ரெக்ஸின் ஃபோம்ல ஒட்டிக்கிட்டு வழுக்கவே மாட்டேங்குது. ஃபோமுக்கு மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் கவர் சுத்தி, ரெக்ஸின ஒரு மணி நேரம் வெயில்ல போட்டு, வெயில் போனதும் ஹேர் டிரையர் காட்டி, அப்புறம் தான் எறங்குச்சு. நான் பண்ணுன இன்னொரு கூத்து, ஒரு பக்கத்த முழுசா இழுத்து ரிங் போட்டு முடிச்சுட்டு அடுத்த பக்கம் போனேன், பைப்பிங் (தையல் ஓரத்துல வர்ற உருண்டை பார்டர்) பாம்பு மாதிரி வளஞ்சு நின்னுச்சு. அத்தனையும் வெட்டி எடுத்துட்டு, நடுவுல ஒண்ணு எதிர்ப்பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி போட்டேன். கட்டை விரல் ரெண்டும் ஒரு வாரம் மடங்கல.

முதல் சீட்டு ரெண்டு வீக்எண்ட், ரெண்டாவது ஒரே நாள். தையல் ஓரத்துல சின்ன சுருக்கம் இருக்கு, எனக்கு மட்டும் தெரியும். புது ஃபோம் இன்னும் அமுங்கல, இப்ப ரெண்டு இஞ்சு ஒசந்துட்டேன், தலைமுடி கூரைல ஒரசுது, பின்னாடி வர்ற வண்டிய பாக்கற கண்ணாடிய வேற திருப்பி வெக்க வேண்டியதாப் போச்சு.