படத்துலேயே தெரிஞ்சிடும்மா

நான் சொன்னது இரண்டே வார்த்தை. "படத்துலேயே தெரிஞ்சிடும்மா." இன்னும் அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி பினாங்குக்கு, எங்கள் டாக்டரிடம் வந்த அம்மா. கீழ் இமையில், மூக்குப் பக்கமாக, அரிசி அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி. சின்ன வயதிலிருந்தே இருக்கிற மச்சம் என்று சாதித்தார். நம் ஆட்களின் தோலில் பேசல் செல் கார்சினோமா என்கிற தோல் புற்று பெரும்பாலும் கறுத்துத்தான் வரும், மச்சம் என்று நினைத்து வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஆனால் கட்டி இருந்த இடத்தில் மட்டும் இமைமுடி மூன்று நான்கு உதிர்ந்திருந்தது. இமைப் புற்றுக்கு அது ஒரு அடையாளம், பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தோலைப் பெரிதாக்கிப் படமெடுக்கிற டெர்மோஸ்கோப்பைக் கண்ணருகே கொண்டுபோனால் யாருக்குமே இமை துடிக்கும். நான்கு படமும் கலங்கல். அப்போதுதான் கேட்டார்: "மிஸ்ஸி, இதுலேயே தெரிஞ்சிடுமா, கத்தி வைக்க மாட்டாங்கல்ல?" நான் அதைச் சொன்னேன். அவர் தோள் இறங்கியது, இமை அடங்கியது, ஐந்தாவது படம் பளிச்சென்று விழுந்தது: நீலச்சாம்பல் நிறத்தில் முட்டை வடிவத் திட்டுகள், மேலே மரக்கிளை மாதிரி பிரிந்து ஓடும் ரத்தக்குழாய்கள்.

முழுப் பொய் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து டாக்டர் ஒரு நிமிஷத்தில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். கன்போக்கல் மைக்ரோஸ்கோப் இருக்கிற இடங்களில் லேசர் ஒளியை விட்டுத் தோலின் செல்களையே பார்க்கிறார்கள், ஆனால் அதுவும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் ஆழம்வரைதான். ஓசிடி என்கிற ஒளி ஸ்கேன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போகும், செல் செல்லாகக் காட்டாது. அடியில் எதுவரை ஓடியிருக்கிறது, எந்த வகை என்பதற்கு எங்கள் டாக்டர் சதைத் துணுக்கு எடுத்து பயாப்சி பார்க்காமல் விடமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

பயாப்சி என்றதும் அந்த அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மிஸ்ஸி படத்துலேயே தெரிஞ்சிடும்னாங்களே." நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றேன். சரி டாக்டர், தைப்பூசம் முடியட்டும் என்று நவம்பரில் போனவர், தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கி, அதற்கப்புறமும் ஏதேதோ சொல்லி, ஏப்ரலில்தான் வந்தார்.

புற்றுதான். எடுத்தாயிற்று, இமையையும் சரிசெய்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார். மெதுவாக வளர்கிற வகை, ஐந்து மாதத்தில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டரே சொன்னார். ஆனால் நவம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான்தானே, இன்னும் இரண்டு முடி போயிருந்தது. இதுவே இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வருகிற சிபேசியஸ் கார்சினோமாவாக இருந்திருந்தால்? கண்கட்டி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு அது பாட்டுக்குப் பரவியிருக்கும்.

அப்புறம் எனக்கு நானே வக்கீல் ஆகிவிடுவேன். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் படமே விழுந்திருக்காது, பாதியிலேயே எழுந்து பெர்ரிக்குப் போயிருப்பார். போயிருப்பாரா? பயந்த முகம்தான், ஆனாலும் கடல் தாண்டித் தனியாக வந்தவர்.

போன வாரம் ஒரு அங்கிள் அதே கேள்வியைக் கேட்டார். "அது டாக்டர்தான் சொல்லணும் அங்கிள்" என்றேன். இமை துடித்துக்கொண்டே இருந்தது. ஏழு படம் எடுத்தேன், ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை.