காடு என்று குறித்த இடத்தில் காபி இருந்தது

புவியியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் என் ஆய்வேட்டுத் தலைப்பு, சேலத்துக்குப் பக்கத்துச் சேர்வராயன் மலையில் நிலப் பயன்பாட்டு மாற்றம். சென்டினல் என்ற செயற்கைக்கோளின் படத்தை இறக்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் காடு, வயல், கட்டடம் என்று வகைப்படுத்தி, ஏற்காட்டைச் சுற்றி முழுக்கப் பச்சையாக ஒரு வரைபடம் தயார் செய்திருந்தேன். பச்சை என்றால் காடு. ஆய்வு வழிகாட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமமான நாகலூரில் விரலை வைத்தார். "இங்க போய்ப் பார்த்தியாப்பா?" இல்லைங்க ஐயா என்றேன். "பார்த்துட்டு வா, அப்புறம் பேசலாம்."

அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். நான் காடு என்று குறித்த இடத்தில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்திலும் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் இடுப்பளவு காபிச் செடி. மேலிருந்து படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மரத்தின் தலைதான் தெரியும், அடியில் இருக்கும் காபி தெரியாது. அன்று நடந்து பார்த்த 14 புள்ளிகளில் 9 காபித் தோட்டம்.

புவியியல் துறையில் சேரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வரைபடத்தைக் கணினியில் முடித்துவிட்டுக் களத்துக்குப் போகாதீர்கள், களத்துக்குப் போய்வந்து வரைபடம் போடுங்கள். என் தவறை ஓரளவு சரிசெய்ய இரண்டு பருவப் படங்கள் உதவின. பிப்ரவரி, மார்ச்சில் மலையின் கீழ்ச்சரிவு மரங்கள் இலை உதிர்த்துவிடும், மேலே தோட்டங்கள் பச்சையாகவே இருக்கும். மழை முடிந்த கையோடு எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் இலையுதிர் காடு தனியாகப் பிரிந்துவிடும். ஆனால் மேலே மிச்சமிருக்கும் பசுமைமாறாக் காட்டையும் தோட்டத்தையும் பிரிக்க நடந்துதான் ஆக வேண்டும்.

கீழே நகரத்துப் பக்கமும் இதே கதை. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் சுண்ணாம்புக்கரடு இருக்கிறதே, வெள்ளைக்கல் எடுக்கும் இடம், மாக்னசைட். அந்தக் கழிவு மேடுகள் படத்தில் பளீரென்று தெரியும். என் வகுப்புத் தோழியின் வரைபடத்தில் அது முழுக்கக் கட்டடப் பகுதியாக வந்துவிட்டது. அவள் சேலத்துப் பெண், அதனால் பார்த்தவுடனே பிடித்துவிட்டாள். வெளியூர்க்காரர் என்றால் அப்படியே அச்சுக்குப் போயிருக்கும்.

சரி, மக்களிடம் பேசுவது. இதை எந்தப் பாடத்திலும் முழுசாகச் சொல்லித் தருவதில்லை. காலை பத்து மணிக்கு வினாத்தாளோடு மலைக் கிராமத்துக்குப் போனால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் தோட்டத்து வேலைக்குப் போயிருப்பார்கள். நாலு மணிக்கு மேல் போங்கள். முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்து, எந்தக் கல்லூரி, எதற்காக வந்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வருமானத்தை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு பாட்டி, "ரேசன் கார்டுல பேரெடுக்கவா வந்திருக்க, கண்ணு?" என்று கேட்டார். அந்தப் பயத்தை நாமே உண்டாக்கிவிட்டால் அதற்குப் பிறகு வரும் பதில் எதையும் நம்ப முடியாது.

அதே பாட்டியிடம் இன்னொன்றும் கற்றேன். இந்த நிலத்தில் எப்போது காபி வைத்தீர்கள் என்று கேட்டால் ஆண்டு வராது. "மூத்தவன் பொறந்தப்ப இங்கெல்லாம் சாமைதான். சின்னவ கல்யாணத்துக்கு மொத வருசம் நாத்து நட்டோம்." மூத்தவரின் வயதும் மகளின் கல்யாண ஆண்டும் தெரிந்தால் நமக்குக் காலக்கோடு கிடைத்துவிடும். பேசிக்கொண்டே உள்ளே போய் ஒரு கைப்பிடி சாமையைக் கொண்டுவந்து என் நோட்டின் மேல் கொட்டிக் காட்டினார். இப்போது வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் விதைக்கிறாராம். பழைய படங்களில் அந்தச் சரிவு திறந்த வயலாகத் தெரிந்ததற்கு விளக்கம் அந்தக் கைப்பிடியில் இருந்தது.

நோட்டில் பென்சிலால் எழுதுங்கள், மூடுபனியில் பேனா மை கலங்கிவிடும். அன்றைய குறிப்பை அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். பழைய எண்முறையில் ஏற்காடு இருக்கும் நிலவரைபடத் தாள் 58 ஐ/1, சேலம் நகரம் 58 ஐ/2. இரண்டும் 1:50,000 அளவை, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து. கையில் தாளோடு நடந்தால்தான் கோடு நெருங்கும் இடத்தில் மூச்சு வாங்குவது புரியும்.

தேர்வுக்கும் இந்த மலை உதவும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. உயரே போகப் போக வெப்பநிலை கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் சுமார் 8 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். நாங்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரே நேரத்தில் அடிவாரத்திலும் ஏரிக்கரையிலும் நிழலில் வைத்து அளந்தோம். மூடுபனி நாளில் 6 டிகிரிதான் வந்தது. நீராவி குளிர்ந்து துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும், அதனால் ஈரக்காற்று மெதுவாகவே குளிரும். காலநிலையியலில் இந்தப் பகுதி எனக்கு அதற்குப் பிறகு மறக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வில் புவியியலின் எண் 80. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அதனால் ஒன்றையும் விடாதீர்கள். உதவித்தொகை பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிவைத்துக்கொண்டால் கேள்வியைப் படிப்பதிலேயே நேரம் போகாது.

வேலை என்றால் ஆசிரியர் பணி மட்டும்தான் என்று வீட்டில் நினைப்பார்கள். நகரமைப்பு, பேரிடர் மேலாண்மை, நீர்வளம் எல்லாவற்றிலும் வரைபடம் தெரிந்த ஆள் வேண்டும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்களில் தொடக்க வேலை பெரும்பாலும் திரையைப் பார்த்துக் கோடு போடுவதாகத்தான் இருக்கும். அதிலேயே தங்கிவிடாமல் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். டேராடூனில் உள்ள ஐஐஆர்எஸ் என்ற இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி வகுப்புகளைக் கட்டணமில்லாமல் நடத்துகிறது, படிக்கும்போதே முடித்துவிடலாம்.

நேர்காணலுக்குப் போகும்போது அழகான வரைபடத்தோடு திருத்தப்பட்ட ஒன்றையும் எடுத்துப் போங்கள். நான் நாகலூரின் இரண்டு வரைபடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்த நேர்காணலில் பாதி நேரம் அந்த 9 புள்ளிகளைப் பற்றித்தான் கேட்டார்கள்.