அதே நம்பர்தான், மேடம்

"இது நாம பார்த்த பச்சைதானா?"

வீட்டுக்காரம்மா கேட்டது அவ்வளவுதான். சுவருக்கு நான் அடித்த பெயிண்டின் மூன்றாவது கோட் காய்ந்து, அறையில் விளக்கைப் போட்ட நேரம். "அதே நம்பர்தான், மேடம். டப்பாவைக் காட்டட்டுமா?" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் நம்பரைப் பற்றிக் கேட்கவில்லை.

பகலில் ஷேட் கார்டில் அது லேசாக நீலம் ஓடிய அடர்பச்சை. அறையில் இருந்ததோ 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி. அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. அதனால் பச்சையில் இருந்த நீலச் சாயல் அடங்கி, சுவர் பாசி பிடித்தது போல மங்கிவிட்டது. போதாததற்கு நாலு சுவரும் அதே நிறம். ஒரு சுவரில் பட்டுத் தெறிக்கும் பச்சை எதிர்ச்சுவரில் விழுந்து திரும்பும்போது, கார்டில் கண்டதைவிட நிறம் அழுத்தமாகும். வெள்ளைச் சீலிங்கும் ஆட்களின் முகமும்கூடப் பச்சை வாங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? உள்ளங்கை அகலக் கார்டை ஜன்னலோரம் பிடித்துக் காட்டியவனும் நானேதான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரிப் பச்சையை டீப் பேஸில்தான், அதாவது அடர்நிறங்களுக்கான அடிப்படைப் பெயிண்டில்தான் கலப்பார்கள். அதில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி மிகக் குறைவு, சிலவற்றில் இருக்கவே இருக்காது. மூடும் திறனும் குறைவு. வெள்ளைப் பிரைமர் மேல் அடித்தால் நாலு கோட்டுக்குப் பிறகும் ரோலர் தடம் தெரியலாம். அதனால் நடுத்தரச் சாம்பலில் ஒரு பிரைமர் கோட், அதன் மேல் பச்சை மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலு மணி நேரம். டப்பாவுக்கு டப்பா வரும் சின்ன வித்தியாசம் சுவர் நடுவில் கோடாக விழக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கினோம். ஓரத்தில் பிரஷ்ஷால் கட்டிங் எடுத்த இடம் காயும் முன்பே ரோலரை அதன் மேல் ஏற்றினோம். தாமதித்தால் சுவரைச் சுற்றி ஃபிரேம் போட்டது போல நிற்கும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் எடுத்தது சுவர்ப் பட்டியின் மேடுபள்ளத்தை மறைக்க. இப்படி அடர்நிற மேட் பெயிண்டில் கை உரசிய இடம் மினுங்கும், டச்-அப் திட்டாகத் தெரியும் என்பதையும் முன்பே சொல்லியிருந்தேன். இவ்வளவு சொன்ன வாய் விளக்கைப் பற்றி மட்டும் ஏன் பேசவில்லை?

செய்திருக்க வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. இரண்டடிக்கு இரண்டடி போர்டில் விளிம்பு வரை இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு முறை, எதிர்ச்சுவரில் ஒரு முறை வைத்து, காலை, மதியம், விளக்கு போட்டபின் என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைத்தான் மிச்சம் பிடித்தேன். இன்னொன்றும் தோன்றுகிறது: போர்டைப் பார்த்திருந்தால் அவர் பயந்து வெளிர்நிறத்துக்கே போயிருப்பார். பலரும் அப்படித்தான் போகிறார்கள். பகலில் அந்த அறை அத்தனை அழகாக இருக்கிறது, அது கிடைத்திருக்காது. இப்படி நினைப்பது வசதியாகவும் இருக்கிறது, அதுதான் இடிக்கிறது.

மறுநாள் சாயங்காலம் இன்னும் வெள்ளையான 4000 கெல்வினில், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேற்பட்ட பல்புகளை மாட்டிக் காட்டினேன். பச்சை திரும்பி வந்தது. "ஆமா, இதுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ராத்திரியில இவ்வளவு வெள்ளை வெளிச்சத்துலயா உட்காருறது?"

"பழகிடும், மேடம்" என்றேன். பச்சைக்கா, வெளிச்சத்துக்கா என்று அவர் கேட்கவில்லை.