கிழக்கு டெக்சாஸ் பன்றிவேட்டை நாய் நாட்குறிப்பு: குட்டியிலிருந்து காடு வரை

செப்டம்பர் 16, 2023

நெச்சஸ் ஆற்றோரப் புல்வெளிகளைப் பன்றிகள் மறுபடியும் உழுது போட்டிருக்கின்றன. ஊர்ப்பன்றி காடேறியும், வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றியோடு கலந்தும் பெருகிய கூட்டம் இது. சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள்தான். 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் நிலக்காரர் சம்மதித்தால் இவற்றை வேட்டையாட உரிமம் வேண்டியதில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் காட்டுப்பன்றி வேட்டை குற்றம். இங்கே எழுதுவதை ஊரில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

புதிதாக வருபவர் முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பன்றியைத் தேடிக் கண்டுபிடித்து, ஓடவிடாமல் எதிரே நின்று தொடர்ந்து குரைப்பது மடக்கு நாய். ஆள் பக்கத்தில் வந்தபின் அவிழ்த்துவிட, காதைக் கவ்விப் பிடித்து நிறுத்துவது பிடி நாய். ஒரே நாயிடம் இரண்டையும் எதிர்பார்த்தால் அது சீக்கிரமே வெட்டுப்பட்டுச் சாகலாம்.

செப்டம்பர் 24, 2023

மடக்கு நாய்க்கு இந்தப் பக்கம் நம்புவது கட்டஹூலா, பிளாக் மவுத் கர், புளூ லேசி, பிளாட் ஹவுண்ட். கட்டஹூலா 1979 முதல் லூசியானாவின் மாநில நாய். லேசி 2005 முதல் டெக்சாஸின் மாநில நாய். கர் வகைகள் (மேலே சொன்னதில் முதல் மூன்றும்) பெரும்பாலும் தடம் பிடித்துப் போகும்போது வாய் திறக்காமல் போய், பன்றியைக் கண்ட பிறகே குரைக்கும். ஹவுண்ட் மோப்பம் கிடைத்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு ஓடும். குரல் தூரத்தில் கேட்டாலே பன்றி கிளம்பிவிடும். அதனால் சிறிய நிலத்தில் வேட்டையாடுகிறவருக்கு வாய் மூடிய நாய்தான் சரி. ஆயிரக்கணக்கான ஏக்கர் கையில் இருந்தால் ஹவுண்டும் ஆகும்.

இனத்தைவிடத் தாய் தந்தையைப் பாருங்கள். இரண்டும் காட்டில் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் குட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். எவ்வளவு தூரம் தேடுகின்றன, பன்றி உடைத்துக்கொண்டு ஓடினால் விட்டுவிடுகின்றனவா தொடர்கின்றனவா, பன்றியிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கின்றன என்று கவனியுங்கள். மூக்கும் விடாப்பிடியும் பிறப்பில் வருபவை. பயிற்சியால் அவற்றைக் கெடுக்கலாம், உண்டாக்க முடியாது.

கையில் ஒரே ஒரு நாய்க்குத்தான் பணம் இருக்கிறது என்றால், குட்டி வேண்டாம். நான்கு ஐந்து வயதான, பழகின மடக்கு நாய் ஒன்றை வாங்குங்கள். விற்பதற்கு முன் இரண்டு முறையாவது காட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ஓடித்தான் அடுத்த குட்டி கற்றுக்கொள்ளும், நாமும் அப்படித்தான்.

அக்டோபர் 7, 2023

எட்டு வாரக் குட்டி. தாய் கட்டஹூலா, தகப்பன் பிளாக் மவுத் கர்.

கட்டஹூலாவின் புள்ளித் தோலுக்குக் காரணம் மெர்ல் மரபணு. மெர்ல் நாயோடு மெர்ல் நாயைச் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வரும். அப்படிப் பிறப்பவை பல செவிடாகவோ பார்வைக் குறைவோடோ இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளையாக, கண் சிறுத்து இருக்கும் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்க்கலாம், ஆனால் ஒரு காது மட்டும் செவிடானால் அது இதில் தெரியாது. மருத்துவமனையில் காது நரம்புச் சோதனை செய்தால் இரண்டு காதும் தனித்தனியாகத் தெரியும். ஒரு காதுச் செவிட்டு நாய்க்குக் கூப்பிடும் திசை புரியாது. காட்டில் அது தொலைந்துபோகும்.

பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுநோய்) தடுப்பூசி 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. ரேபீஸ் ஊசி 16 வாரத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். பன்றி புரளும் சேற்றுக்குழிகளில் அந்தக் கிருமி இருக்கும். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் மாத்திரை.

நவம்பர் 4, 2023

மான் வேட்டைப் பருவம் இன்று தொடங்குகிறது. குத்தகை நிலங்களில் ஜனவரி வரை யாரும் நாயை உள்ளே விட மாட்டார்கள். குட்டிக்கு அடிப்படைப் பழக்கங்கள் சொல்லித்தர இதுவே காலம்.

கூப்பிட்டால் வருவது, டிரக்கின் நாய்ப்பெட்டியில் ஏறச் சொன்னால் ஏறுவது, கட்டிப்போட்டால் ஊளையிடாமல் இருப்பது, "நோ" என்றால் விடுவது: இந்த நான்கு போதும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஏழெட்டு மீட்டர் நீளக் கயிற்றில் விட்டு, பெயரைச் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிட்டு, வராவிட்டால் கயிற்றைச் சுருட்டி இழுத்து, வந்ததும் இறைச்சித் துண்டு. பத்து முறை கூப்பிடுகிறவரின் நாய் பத்தாவது முறைதான் திரும்பிப் பார்க்கும். வந்த நாயை எதற்காகவும் அடிக்கக் கூடாது, அரைமணி தாமதமாக வந்திருந்தாலும்.

டிசம்பர் 9, 2023

பன்றியை விரட்டச் சொல்லித்தருவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. மான், கன்று, ஆடு, கயோட்டி, ஆர்மடில்லோ எல்லாவற்றையும் கண்டும் காணாமல் போகப் பழக்குவதில்தான் ஓராண்டு கழிகிறது. டெக்சாஸில் நாய் விட்டு மான் வேட்டையாடுவது சட்டவிரோதம். உங்கள் நாய் மானைத் துரத்துவதை நிலக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த நிலத்துக்குள் இனி நீங்கள் போக முடியாது.

குட்டியைக் கயிற்றோடு மாட்டுத் தொழுவத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் கொண்டுபோங்கள். உற்றுப் பார்த்தால் "நோ". திரும்பி உங்களைப் பார்த்தால் தீனி. ஷாக் காலர் (பொத்தானை அழுத்தினால் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) ஆறு மாதத்துக்குப் பிறகு, அதுவும் கயிற்றில் நன்றாகக் கற்றுக்கொண்ட கட்டளைக்கு மட்டும். நாய் காதை அசைக்கும் அளவுக்குக் குறைந்த எண்ணில் தொடங்குங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். நாள் முழுக்க மாட்டி வைத்தால் முனை பட்ட இடம் புண்ணாகும்.

எதைத் துரத்துகிறது என்று கண்ணால் பார்க்காமல் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். மான் என்று நினைத்து அழுத்தியபோது முன்னால் பன்றி நின்றிருந்தால், பன்றி என்றாலே வலி என்று நாய் முடிவுகட்டிவிடும். அதை மாற்றப் பல மாதம் ஆகும். சில நாய்கள் மாறுவதே இல்லை.

பிப்ரவரி 10, 2024

ஆறு மாதம். கம்பி அடைப்பில் பன்றியைக் காட்டும் வயது.

அடைப்பு பத்துப் பதினைந்து மீட்டர் அகலமாவது இருக்கட்டும். மூலைகளை வளைத்துவிடுங்கள், கூர்மூலையில் குட்டி மாட்டிக்கொள்ளும். பன்றி 15 முதல் 20 கிலோ, கோரைப்பல் வளராதது. அதைக் கட்டிப்போடக் கூடாது. கட்டிய பன்றியிடம் கற்ற நாய்க்கு ஓடும் பன்றியைத் தடுக்கத் தெரியாது, பன்றிக்கும் அது வதை. ஒதுங்கிக்கொள்ள நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

குட்டி மட்டும் உள்ளே, அல்லது அமைதியான பெரிய நாய் ஒன்றோடு. மூன்று நிமிடம். குரைத்துக்கொண்டு சுற்றி வந்தால், உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போதே வெளியே தூக்கிவிடுங்கள். களைத்து அதுவாகத் திரும்பும்வரை விட்டால், நினைத்தபோது விட்டுவிட்டு வரலாம் என்பதுதான் பாடமாகும். பயந்து ஒதுங்கினால் வற்புறுத்த வேண்டாம். மூன்று வாரம் கழித்து மறுபடி. பத்து மாதத்தில் விழித்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.

வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. அடைப்பிலேயே வளர்ந்த நாய் பன்றியோடு ஒட்டி நின்று விளையாடப் பழகும். காட்டில் 100 கிலோ ஆண்பன்றியிடம் அதே தூரத்தில் நின்றால் குடல் சரியும். நல்ல மடக்கு நாய் பன்றியின் முகத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி, கண்ணைப் பார்த்துக் குரைக்கும். பன்றி திரும்பினால் மட்டும் பின்தொடையைக் கடித்து நிறுத்தும்.

மார்ச் 23, 2024

பெரிய நாயோடு குட்டியைக் காட்டில் விடத் தொடங்கியாயிற்று. ஒரு பெரிய நாய், ஒரு குட்டி, அவ்வளவுதான். இரண்டு குட்டிகளைச் சேர்த்து விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஓடி விளையாடும்.

புதுத் தடம் கண்டபின் அவிழ்த்துவிடுங்கள். விளிம்பு இடியாத குளம்படி, இன்னும் ஈரம் காயாத உழவு, வேலிக் கம்பியில் மயிரும் சேறும், மரத்தில் உரசின சேறு வடிவது. காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நடந்தால் நாய்க்கு வாடை நேரே வரும்.

ஜிபிஎஸ் பட்டை இல்லாமல் நாயை விடக் கூடாது. கார்மின் ஆல்ஃபா போன்றவை 2.5 வினாடிக்கு ஒருமுறை இடம் காட்டும். திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளி நேர்கோட்டில் வேகமாக வெட்டவெளியைக் கடந்தால் பெரும்பாலும் மான். வளைந்து வளைந்து போய் யோப்பன் புதருக்குள்ளோ ஓடைக்குள்ளோ நுழைந்து, பிறகு சின்ன வட்டமாகச் சுற்றினால் பன்றி மடங்கியிருக்கிறது. சுற்றாமல் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் உடனே ஓடுங்கள்; நாய் அடிபட்டிருக்கலாம், கம்பியில் மாட்டியிருக்கலாம். புள்ளி அடுத்தவர் வேலியைத் தாண்டினால், தொலைபேசியில் சம்மதம் கேட்டபிறகே கால் வைக்க வேண்டும். சுற்றியுள்ள நிலக்காரர்களின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

ஏப்ரல் 6, 2024

பிடி நாய். அமெரிக்கன் புல்டாக், பிட்புல், அர்ஜென்டினாவில் 1920களில் உருவாக்கிய டோகோ. 30 முதல் 40 கிலோ எடை போதும். அதற்கு மேல் கனத்தால் மூச்சு வாங்கும். ஒன்றரை வயதுக்கு முன் பன்றியிடம் விடக் கூடாது. எலும்பும் பல்லும் இறுகியிருக்காது. மனிதரிடமோ மற்ற நாயிடமோ சீறுகிற நாய் இதற்கு ஆகவே ஆகாது. பன்றிமேல் கிடக்கும்போது அதைக் கையால் தொட்டு எடுக்க வேண்டியவர் நீங்கள்.

கெவ்லார் (வெட்டுத் தாங்கும் இழை) அல்லது கனத்த நைலானால் ஆன வெஸ்ட் என்ற காப்பு அங்கி, அகலமான வெட்டுக்காப்புக் கழுத்துப்பட்டை. கழுத்து, நெஞ்சு, அக்குள் மூடியிருக்கிறதா என்று நாயை நடக்கவிட்டுப் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது ஓடும்போது விலகும். ஆண்பன்றியின் கீழ்க்கோரைப்பல் மேற்பல்லில் உராய்ந்து உராய்ந்து கத்திபோல் கூர்மையாகும். அது தலையை மேல்நோக்கி வீசி வெட்டும். பெட்டை கடிக்கும்.

முறை: காற்றுக்கு எதிராக, பேசாமல், மடக்கு நாய்களின் பின்பக்கமாக நெருங்குங்கள். பிடி நாய் கயிற்றிலேயே வர வேண்டும். 30, 40 மீட்டரில், பன்றி நிற்பதைக் கண்ணால் கண்டபின் ஒரே ஒரு பிடி நாயை விடுங்கள். பெரிய ஆண் என்றால் இரண்டு. தூரத்திலிருந்து விட்டால் மூச்சிரைத்துப் போய்ச் சேரும், பிடி நிற்காது. நாய் காதைப் பிடித்ததும் ஒருவர் பின்னாலிருந்து இரு பின்கால்களையும் முழங்கணுவுக்கு மேல் பிடித்துத் தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து, முழங்காலைத் தோளில் வைக்க வேண்டும். இன்னொருவர் முன்கால் முழங்கைக்குப் பின்னால் 15 செ.மீ.க்குக் குறையாத கத்தியை இதயத்தை நோக்கி இறக்க வேண்டும். தாமதம் பன்றிக்குக் கொடுமை, நாய்க்கு ஆபத்து. நாய்கள் மேலே இருக்கும்போது துப்பாக்கி கூடவே கூடாது. ஆண்பன்றியின் தோளில் தடித்து இறுகிய திசுக் கேடயம் இருக்கும். அதில் குத்தினால் கத்தி வழுக்கிப் பிடித்த கையை வெட்டும்.

நாயைப் பிரிக்கும் மரக்குச்சியைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் செருகித் திருகினால் வாய் திறக்கும். முதலில் நாயைக் கயிற்றில் கட்டுங்கள், பிறகு குச்சி.

ஏப்ரல் 14, 2024

காயப்பெட்டியில் வேண்டியவை: தோல் ஸ்டேப்ளர், ஒரு லிட்டர் உப்புநீர், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, ரத்தம் உறையவைக்கும் துணி, ஒட்டுக்கட்டு, சமையலறைப் பிளாஸ்டிக் சுருள், வாய்க்கட்டு. சுத்தமான நீள வெட்டைக் கழுவித் தைக்கலாம். ஆழமான குத்துக்காயத்தின் வாயை மூடினால் உள்ளே சீழ் கட்டும். கழுவித் திறந்தே விட்டு மருத்துவரிடம் போங்கள். நெஞ்சிலிருந்து காற்று உறிஞ்சும் சத்தம் வந்தால் பிளாஸ்டிக் சுருளால் நெஞ்சைச் சுற்றி மூடி உடனே கிளம்ப வேண்டும். குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத்துணியால் பொதியுங்கள்.

மே 11, 2024

ஆஜெஸ்கி நோய், இங்கே பேச்சில் சூடோரேபீஸ். பன்றி தாங்கிக்கொள்ளும், நாய் தாங்காது. மூக்கும் முகமும் ரத்தம் வரச் சொறிந்து, இரண்டு மூன்று நாளில் சாவு. மருந்தில்லை, அமெரிக்காவில் நாய்க்கு அனுமதித்த தடுப்பூசியும் இல்லை. பச்சைப் பன்றி இறைச்சியோ குடலோ நாய்க்கு ஒருபோதும் போடாதீர்கள். "பரிசாக" ஒரு துண்டு எறிகிற பழக்கத்தை விடுங்கள். அறுப்பவருக்கு புருசெல்லா (பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி) பயம் உண்டு. கையுறை கட்டாயம், கையில் வெட்டு இருந்தால் வேறொருவர் அறுக்கட்டும். இறைச்சி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும்.

ஜூலை 20, 2024

வெயில் பன்றியைவிட அதிகமாக நாயைக் கொல்லும் மாதம். இரவு பத்துக்குப் பிறகே விடுங்கள், விடியுமுன் திரும்புங்கள். வெஸ்ட் போட்ட நாய்க்குச் சூடு இறங்க வழியில்லை. பிடித்து முடித்ததும் அவிழ்த்துவிடுங்கள். நாக்கு அகலமாகிக் கருஞ்சிவப்பு நிறமாகி, நடை தள்ளாடினால் வேட்டை அத்தோடு முடிந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று வீசவைத்து, அப்படியே மருத்துவரிடம். உடம்புச் சூடு 41 டிகிரி தாண்டினால் உள்ளுறுப்பு கெடத் தொடங்கும். தீனி முந்தின நாளே. வயிறு நிறைந்த நாயை ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் 19, 2024

மான் வேட்டைப் பருவத்துக்கு இன்னும் இரண்டு வாரம். நாய்களுக்கு இதயப்புழு ரத்தப் பரிசோதனை, நகமும் காதும், உள்ளங்கால் வெடிப்பு பார்த்தல். வெஸ்டில் தையல் விட்ட இடங்களைக் கனத்த நூலால் இரட்டைத் தையல் போடுங்கள்; நெஞ்சுப்பகுதியில் உள்துணி கிழிந்திருந்தால் ஒட்டுப் போடாமல் புதிது வாங்குங்கள். ஜிபிஎஸ் பட்டைகளின் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்து எடுத்து வையுங்கள், மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். பட்டையின் பெயர்த்தகட்டில் எண் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பதினான்கு மாதக் குட்டி தனியாக இரண்டு முறை பன்றியைக் கண்டுபிடித்து மடக்கியிருந்தால், ஜனவரியில் அடுத்த குட்டியைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் அதே பெரிய நாயின் பின்னால் இன்னொரு பருவம் ஓடட்டும்.